எந்த ரிம்மர் திரும்பி வந்தான்? 'ரெட் ட்வார்ஃப்' ஓட்டைகளுக்கு எந்த விளக்கத்தை எடுத்துக்கொள்வது

'ரெட் ட்வார்ஃப்' என்ற பிரிட்டிஷ் விண்வெளி நகைச்சுவைத் தொடரில், 1999இல் ஒளிபரப்பான எட்டாவது சீசனின் கடைசி நிமிடங்களில் ஆர்னால்ட் ரிம்மர் உயிருள்ள மனிதன். உலோகத்தை அரிக்கும் ஒரு நுண்ணுயிர் கப்பலைத் தின்றுகொண்டிருக்கிறது. சுற்றிலும் தீ. அரிவாளோடு மரணமே நேரில் வந்து, 'நேரம் ஆகிவிட்டது, கிளம்பு' என்கிற தோரணையில் நிற்கிறது. ரிம்மர் அதன் கவட்டையில் முழங்காலால் ஒரு இடி கொடுத்துவிட்டு ஓடுகிறான். 'முற்றும்' என்று எழுத்து வருகிறது, உடனே அதை மறுக்கிற இன்னொரு வரியும் வருகிறது. அவ்வளவுதான்.

அதற்கு அடுத்து நாம் அவனைப் பார்ப்பது 2009இல், டேவ் சேனலில் வந்த 'பேக் டு எர்த்' என்ற மூன்று பாகக் கதையில். நெற்றியில் 'ஹெச்' எழுத்து, அதாவது மறுபடியும் ஹாலோகிராம், செத்தவனின் ஒளி உருவம். கப்பல் முழுசாக இருக்கிறது. எட்டாவது சீசனில் உயிர்த்தெழுந்த பணியாளர்களில் ஒருவரையும் காணோம். இடையில் ஒன்பது வருஷம் போயிருக்கிறது, யாரும் எதையும் விளக்குவதில்லை. 2012இல் வந்த பத்தாவது சீசனின் கடைசி எபிசோடில் அந்தப் பேச்சு ஒருமுறை தலைகாட்டுகிறது. ஆனால் பதில் வருவதற்குள் பேச்சு அறுந்துவிடுகிறது. வேண்டுமென்றேதான்.

ஆகவே 2009க்குப் பிறகு வந்தவற்றைப் பார்க்க உட்காருகிறவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருக்கிறது: இவன் எந்த ரிம்மர்? முடிவு எடுக்காமலும் பார்க்கலாம், சிரிப்பும் வரும். ஆனால் அவனுடைய அறைத் தோழன் லிஸ்டருக்கும் ரிம்மருக்கும் நடுவே நடக்கும் ஒவ்வொரு பேச்சும் இந்தக் கேள்விக்கு நீங்கள் மனதில் வைத்திருக்கும் பதிலைப் பொறுத்து வேறு எடை பெறும். ரசிகர்கள் இத்தனை வருஷமாகச் சொல்லிவரும் விளக்கங்களில் முக்கியமானவை ஐந்து. அவற்றை உரசிப் பார்த்து ஒன்றைத் தேர்வதுதான் இங்கே வேலை.

தொடரைப் பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். ராப் கிராண்ட், டக் நெய்லர் இருவரும் உருவாக்கியது. 1988 பிப்ரவரியில் பிபிசி 2இல் தொடங்கியது. ரெட் ட்வார்ஃப் என்ற சுரங்கக் கப்பலில் கதிர்வீச்சுக் கசிவு, எல்லோரும் சாகிறார்கள். தடை செய்யப்பட்ட பூனையைக் கப்பலுக்குள் கொண்டுவந்ததற்குத் தண்டனையாகக் காலம் உறையும் அறையில் அடைக்கப்பட்டிருந்த டேவ் லிஸ்டர் மட்டும் பிழைக்கிறான். வெளியே வரும்போது முப்பது லட்சம் வருஷங்கள் கழிந்திருக்கின்றன. அவனுக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருக்க, கப்பலின் கணினி ஹோலி ஒருவனை ஹாலோகிராமாக எழுப்புகிறது. கசிவுக்குக் காரணமானவனும், லிஸ்டரின் அறைத் தோழனும், அவனுக்கு அறவே பிடிக்காதவனுமான ரிம்மர்தான் அந்த ஒருவன். இவர்களோடு அந்தப் பூனையின் வம்சத்தில் பரிணமித்து வந்த 'கேட்' என்ற ஒருவன், பிறகு கிரைட்டன் என்ற பணிவிடை ரோபோ. இந்தச் சின்னக் கூட்டம்தான் 2020 வரை ஓடியிருக்கிறது.

விளக்கங்களுக்குள் போகுமுன், தன் ஓட்டைகளைத் தொடரே எப்படி நடத்துகிறது என்று பார்த்துவிடலாம். இரண்டாவது சீசன் முடியும்போது லிஸ்டர் கர்ப்பமாக இருக்கிறான். இணைப் பிரபஞ்சத்தில் பெண் லிஸ்டரைச் சந்தித்ததன் விளைவு அது. 1989இல் மூன்றாவது சீசன் தொடங்கும்போது கர்ப்பமும் இல்லை, குழந்தைகளும் இல்லை. ஹோலியின் முகம் நார்மன் லவெட்டிலிருந்து ஹாட்டி ஹேரிட்ஜுக்கு மாறியிருக்கிறது. ஒரே ஒரு எபிசோடில் வந்துபோன கிரைட்டன் நிரந்தரமாகக் குடியேறியிருக்கிறான். இத்தனைக்கும் பதில் முதல் எபிசோடின் தொடக்கத்தில் திரையில் எழுத்தாக ஓடுகிறது, யாராலும் படிக்க முடியாத வேகத்தில். வீடியோ கேசட்டில் பதிவு செய்து நிறுத்தி நிறுத்திப் படித்தவர்களுக்குத்தான் விஷயம் தெரியும்: இரட்டையர் இருவரும் மூன்றே நாளில் பதினெட்டு வயசாகி, தாங்கள் உருவான பிரபஞ்சத்துக்கே அனுப்பப்பட்டுவிட்டார்களாம். விளக்கமும் கொடுத்தாயிற்று, அதைப் படிக்க விடாமல் கிண்டலும் செய்தாயிற்று.

இன்னொன்று. 1993இல் ஆறாவது சீசன், எதிர்காலத்திலிருந்து வந்த தங்களாலேயே நால்வரும் சுடப்பட்டுச் சாவதோடு முடிகிறது. அடுத்த சீசன் வர 1997 ஆனது. அதற்குள் ராப் கிராண்ட் விலகியிருந்தார். அதன் முதல் காட்சியில் லிஸ்டர் கேமராவைப் பார்த்து விளக்குகிறான். எதிர்கால நாங்கள் இப்போதைய எங்களைக் கொன்றுவிட்டால், எதிர்கால நாங்கள் இருக்கவே முடியாது, ஆகவே கொன்றதும் நடக்கவில்லை என்கிறான். கூடவே, பட்ஜெட்டால் செட் பெரிதாகிவிட்டதே, அதற்கும் அந்தக் கால முரணே காரணம். விளக்கம் தாங்காமல் கேமரா வெடிக்கிறது. 2009இல் ஹோலி ஏன் இல்லை என்பதற்கோ ஒரே வாக்கியம்தான்: லிஸ்டர் குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டான், வருஷக்கணக்கில் தண்ணீர் கொட்டி ஹோலி பழுதாகிவிட்டது.

ஓட்டையை அடைப்பது இந்தத் தொடருக்கு ஒரு பெரிய காரியமே இல்லை என்பது இதில் தெரிகிறது. எதை வைத்தும் அடைக்கலாம். அடைப்பதற்குப் பயன்படுத்தும் பொருள் ஒரு நல்ல ஜோக்காக இருக்கவேண்டும், முன்னால் நடந்ததை அழிக்கக்கூடாது. என் அளவுகோலும் இதுதான். ஒரு விளக்கம் எவ்வளவு ஓட்டைகளை அடைக்கிறது என்பதைவிட, நாம் ஏற்கெனவே ரசித்த எதையெல்லாம் பதிலுக்கு வாங்கிக்கொள்கிறது என்பதைப் பார்க்கிறேன்.

முதல் விளக்கம், எல்லாம் மாயை என்பது. இதற்குத் தொடரிலேயே அஸ்திவாரம் இருக்கிறது. 1992இல் வந்த 'பேக் டு ரியாலிட்டி' எபிசோடில், கடலடியில் கிடக்கும் ஒரு கப்பலை நால்வரும் ஆராயப் போகிறார்கள். அங்கே ஒரு ராட்சதக் கணவாயின் மை தாக்கி, இத்தனை வருஷ வாழ்க்கையும் ஒரு கணினி விளையாட்டுதான், நிஜத்தில் நாம் வேறு யாரோ என்று நம்ப ஆரம்பிக்கிறார்கள். மிடுக்கான கேட், கோணல் பல்லும் அசட்டுச் சட்டையுமாக டுவேய்ன் டிப்ளி ஆகிவிடுகிறான். அந்த விரக்தியில் தற்கொலை வரை போய் மீள்கிறார்கள். தொடரின் மிகச் சிறந்த எபிசோடு எது என்ற விவாதத்தில் இது எப்போதும் முன்வரிசையில் நிற்கும். 2009 கதையிலும் அதே இனக் கணவாய் வருகிறது. இந்த முறை அது ஊட்டுவது விரக்தியல்ல, ஆனந்தம்.

ரசிகர்கள் கேட்பது இதுதான்: அவர்கள் நிஜமாகவே விழித்தார்களா? 1992இலேயே விழிக்கவில்லை என்கிற கட்சி ஒன்று, 2009இல் விழிக்கவில்லை என்கிற கட்சி இன்னொன்று. முதல் கட்சி சொல்வதை ஏற்றால் பணியாளர்கள் உயிர்த்தெழுந்தது, ரிம்மர் 'ஏஸ்' என்ற மாவீரனாகக் கிளம்பிப் போனது, லிஸ்டர் ஏங்கும் கொச்சான்ஸ்கி வந்து சேர்ந்தது எல்லாமே கனவுச் சரக்கு. ஒரே அடியில் எல்லா ஓட்டையும் அடைபட்டுவிடும்.

அந்த 'ஒரே அடி'தான் எனக்கு உறுத்துகிறது. 2009 கதையின் உயிர்நாடி ஒரு தேர்வு. கொச்சான்ஸ்கி செத்துவிட்டாள் என்று லிஸ்டர் நம்பிக்கொண்டிருக்கிறான். உண்மையில் அவள் அவனை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அவன் மனம் உடையக்கூடாதே என்று கிரைட்டன் பொய் சொல்லியிருக்கிறான். மாயைக்குள் கொச்சான்ஸ்கி அவன் முன்னால் வந்து நிற்கிறாள், இங்கேயே இரு என்கிறாள். இது நிஜமில்லை என்று தெரிந்தும் தங்கிவிடலாம். லிஸ்டர் வெளியே வருகிறான், ஏனென்றால் நிஜமானவள் எங்கோ இருக்கிறாள். சுமாரான அந்தக் கதையில் நெஞ்சில் தைக்கிற ஒரே இடம் அது. வெளியே வந்ததும் இன்னொரு மாயைதான் என்றால், அந்தத் தேர்வுக்கு என்ன மதிப்பு? 'பேக் டு ரியாலிட்டி'யின் ஜோக்கும் அப்படித்தான்: அவர்கள் மீண்டு வருவதால்தான் டிப்ளி சிரிப்பாக இருக்கிறான். இந்த விளக்கம் அடைப்பதைவிட அதிகமாக விழுங்குகிறது. தள்ளிவிடலாம்.

இரண்டாவது, இணைப் பிரபஞ்சம். 2009க்குப் பிறகு நாம் பார்ப்பது வேறொரு பிரபஞ்சத்துக் கூட்டம். அங்கே எட்டாவது சீசன் நடக்கவே இல்லை, அல்லது வேறு மாதிரி நடந்தது. இதற்கும் ஆதாரங்களுக்குப் பஞ்சமில்லை. பெண் லிஸ்டரும் பெண் ரிம்மரும் வந்தாயிற்று. 1991இல் ஏஸ் ரிம்மர் வந்தாயிற்று. எட்டாவது சீசனின் முடிவிலேயே எல்லாம் தலைகீழாக இருக்கும் கண்ணாடிப் பிரபஞ்சம் ஒன்று வருகிறது. ரிம்மர் அங்கே போய் அந்த நுண்ணுயிருக்கு மாற்று மருந்தின் சூத்திரத்தை வாங்கி வருகிறான். இந்தப் பக்கம் வந்ததும் அது தலைகீழாகி, நுண்ணுயிரின் சூத்திரமாகவே மாறிவிடுகிறது. ரிம்மரின் அதிர்ஷ்டத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கொச்சான்ஸ்கி விஷயத்தில் இந்த விளக்கத்தைத் தொடரே பயன்படுத்திவிட்டது. தொடக்க சீசன்களில் அவளாக நடித்தவர் கிளேர் குரோகன். ஏழாவது சீசனில் குளோயி ஆனெட் வருகிறார், இன்னொரு பரிமாணத்துக் கொச்சான்ஸ்கியாக. முகம் ஏன் மாறியது என்று கேட்க வழியே இல்லை. அங்கே அது வேலை செய்வதற்குக் காரணம், அவள் வேறொருத்தி என்பது கதையிலேயே வலியாக இருக்கிறது. லிஸ்டர் காதலித்தவள் இவள் இல்லை. இவள் காதலித்த லிஸ்டரும் இவன் இல்லை. ரிம்மருக்கு இதையே பொருத்தினால் அப்படி எதுவும் கிடைப்பதில்லை. எல்லோருமே வேறு ஆட்கள் என்றால் யாருமே வேறு ஆள் இல்லை. தவிர, எந்த முரண்பாட்டுக்கும் இதே பதிலைச் சொல்லிவிடலாம் என்பதால் எதற்குச் சொன்னாலும் அது சோம்பலாகத் தெரிகிறது.

மூன்றாவது விளக்கம், காலவரிசை மாற்றி எழுதப்பட்டுவிட்டது என்பது. இதன்மேல் எனக்குக் கொஞ்சம் பிரியம் உண்டு, ஏனென்றால் சின்ன ஓட்டைகளுக்கு இதைப்போல் கச்சிதமாகப் பொருந்துவது வேறில்லை. லிஸ்டர் கேமராவுக்கு முன்னால் உளறியதை நிஜமாகவே எடுத்துக்கொண்டால், தங்கள் கடந்த காலத்தைத் தாங்களே குழப்பிக்கொண்டவர்கள் இவர்கள். மூன்றாவது சீசனில் புகைப்படங்களுக்குள் நுழைந்து பழைய காலத்துக்குப் போகிறார்கள். லிஸ்டர் இளமையிலேயே பணக்காரனாகிக் கப்பலில் ஏறாமலேயே போய்விடுகிறான். ரிம்மர் அதைச் சரிசெய்யப் போய், எப்படியோ உயிருள்ள மனிதனாகித் திரும்புகிறான். ஆனந்தத்தில் குதித்து, அங்கே இருந்த வெடிபொருள் பெட்டியைக் குத்தி, உடனே செத்தும் போகிறான். ஐந்தாவது சீசனில் வாழத் தகுதியில்லாதவர்களை வரலாற்றிலிருந்தே அழித்துவிடும் விசாரணைக்காரன் ஒருவன் வருகிறான். ஏழாவதில் 1963க்குப் போய்க் கென்னடி கொலையிலேயே கை வைக்கிறார்கள். இத்தனை கலைத்துப்போட்ட பிறகு பழைய விவரங்கள் அப்படியே இருந்தால்தான் ஆச்சரியம்.

லிஸ்டரும் கொச்சான்ஸ்கியும் பழகிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சீசனில் அவன் தூரத்திலிருந்து ஏங்கியவன், அவளிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவன். பின்னால் வந்த சீசன்களில் இருவரும் கொஞ்ச காலம் ஜோடியாக இருந்து பிரிந்தவர்கள். எழுத்தாளர்கள் மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் காலம் மாறியது என்று வைத்துக்கொண்டால் ஒரு ருசி கூடுகிறது: லிஸ்டருக்கே தெரியாமல் அவன் கடந்த காலம் அவனுக்குக் கொஞ்சம் இரங்கியிருக்கிறது.

குடல்வாலும் அப்படித்தான். இரண்டாவது சீசனில் லிஸ்டர் தன் எட்டு மாத நினைவுகளை ரிம்மரின் மூளைக்குள் பரிசாக ஏற்றுகிறான், ரிம்மருக்கும் ஒரு காதல் அனுபவம் இருக்கட்டுமே என்று. அதில் லிஸ்டரின் குடல்வால் அறுவையும் சேர்ந்து போய்விட, எனக்கு ஏன் இரண்டுமுறை குடல்வால் எடுத்தார்கள் என்று ரிம்மர் குழம்புகிறான். நல்ல ஜோக். ஆனால் ஆறாவது சீசனில் லிஸ்டருக்குக் குடல்வால் அழற்சி வந்து மறுபடியும் அறுவை நடக்கிறது. அவனுக்கு இரண்டு குடல்வால் என்று சொல்லும் ரசிகர்களும் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி. காலத்தை எல்லாம் இதற்காகத் தொந்தரவு செய்யவேண்டாம்.

பணியாளர் எண்ணிக்கைக்கும் காலம் தேவையில்லை. முதல் எபிசோடில் கப்பலில் இருப்பவர்கள் 169 பேர். நான்காவது சீசனில் ரிம்மர்மேல் விசாரணை நடக்கும்போது, அவன் அலட்சியத்தால் செத்தவர்கள் 1,167 பேர். ஆயிரம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? கப்பலின் கணக்கெல்லாம் ஹோலியின் கையில். மூவாயிரம் நூற்றாண்டுகள் அல்ல, முப்பதாயிரம் நூற்றாண்டுகள் தனியாக இருந்து மூளை மழுங்கிப்போன, ஆனால் தன் ஐ.க்யூ. ஆறாயிரம் என்று அலட்டிக்கொள்ளும் கணினி. ஒரு ஆயிரத்தை மறந்துவிட்டது என்றால் நம்ப முடியாதா? இந்த ஓட்டைக்கு ஹோலியின் மறதிதான் என் ஓட்டு. ஏற்கெனவே இருக்கும் ஜோக்கையே இன்னொரு தடவை பயன்படுத்துகிறது, புதிதாக எதையும் கேட்பதில்லை.

காலவரிசை விளக்கம் ரிம்மர் விஷயத்தில்தான் சறுக்குகிறது. எட்டாவது சீசன் மொத்தமும் அழிந்துவிட்டது என்று சொன்னால், மரணத்துக்கு விழுந்த அந்த இடியும் அழிகிறது. மறுபடி அதே கணக்கு.

மிச்சம் இரண்டு. உண்மையான போட்டி இவற்றுக்கு நடுவில்தான்.

நான்காவது விளக்கம் இப்படிப் போகிறது. எட்டாவது சீசனில் கிரைட்டனின் நானோ ரோபோக்கள் கப்பலையும் பணியாளர்களையும் திரும்பக் கட்டியெழுப்பின அல்லவா, அந்த உயிருள்ள ரிம்மர் பிறகு எப்போதோ செத்தான். தீயிலோ, நோயிலோ, மாடிப்படியில் வழுக்கியோ. கப்பல் வழக்கம்போல அவனை ஹாலோகிராம் ஆக்கியது. நேர்கோடான விளக்கம். கடைசியாகப் பார்த்த ஆள்தான் அடுத்தும் வருகிறான். இதன் பெரிய பலம் ஏழாவது சீசனின் பிரிவு தீண்டப்படாமல் இருப்பது. அந்தப் பிரிவைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் இதன் மதிப்பு புரியும்.

ஏஸ் ரிம்மர் என்பவன், சிறுவயதில் ஒரே ஒரு விஷயம் வேறுமாதிரி நடந்ததால் எல்லாமாகவும் ஆன ரிம்மர்: வீரன், அழகன், எல்லோருக்கும் பிடித்தவன். பள்ளியில் ஒரு வருஷம் பின்னால் தள்ளப்பட்டது யார் என்பதுதான் வித்தியாசம். நம் ரிம்மர் தப்பித்துக்கொண்டான், ஏஸ் தள்ளப்பட்டு, அந்த அவமானத்தில் எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டான். 1997இல் ஏஸ் சாகும் நிலையில் திரும்பி வருகிறான். ஒரு ஏஸ் செத்தால் இன்னொரு பிரபஞ்சத்து ரிம்மர் அந்தத் தலைமுடியையும் பளபளச் சட்டையையும் அணிந்து இடத்தை நிரப்பவேண்டும் என்பது வழக்கமாம். நம் கோழையிடம் அந்த முறை வருகிறது. முடியாது என்கிறான். லிஸ்டர் அவனை ஒரு கோளுக்கு அருகே கூட்டிப் போகிறான். அதைச் சுற்றி வளையமாக எண்ணிலடங்காத சவப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஏஸ். இத்தனை ரிம்மர்களால் முடிந்திருக்கிறது என்பது அதன் பொருள். அவன் கிளம்பிப் போகிறான். நிஜத்தில் காரணம் சாதாரணமானது, நடிகர் கிறிஸ் பாரி அந்த சீசனில் முழுநேரமும் இருக்கவில்லை. ஆனாலும் அந்த வழியனுப்பு தொடரின் அருமையான தருணங்களில் ஒன்று. நான்காவது விளக்கத்தை எடுத்துக்கொண்டால் அந்த ரிம்மர் இன்னும் எங்கோ யாரையோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறான், அல்லது அந்த வளையத்தில் பெருமையோடு சுற்றிக்கொண்டிருக்கிறான்.

2012 சீசனும் இதற்குத் துணை நிற்கிறது. அதில் வரும் ரிம்மர் மறுபடி விண்வழித் தேர்வு எழுத உட்காருகிறான், அண்ணன் ஹோவர்டை நினைத்தாலே பொறாமையில் அவன் இயந்திரமே பழுதாகிறது. பிரபஞ்சங்களைக் காப்பாற்றிவிட்டு வந்தவனின் நடத்தையா இது?

ஆனால் இரண்டு விஷயம் இடிக்கிறது. ஒன்று, நினைவு. நானோ ரோபோக்கள் எழுப்பிய ரிம்மருக்கு லிஸ்டரோடு வாழ்ந்த ஏழு சீசனும் அனுபவத்தில் இல்லை. விபத்துக்கு முந்தைய ரிம்மர் அவன். 2009க்குப் பிறகு வருபவனோ பழங்கதை எல்லாம் தெரிந்தவனாக நடந்துகொள்கிறான். இதற்குப் பதில் தொடருக்குள்ளேயே உண்டு: ஹாலோகிராமுக்குள் வேறொருவர் நினைவை ஏற்றலாம், குடல்வால் கதையே அதற்குச் சாட்சி. பழைய ரிம்மரின் பதிவுகளைப் புதியவனுக்குள் ஏற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு, உடல். முதல் ஐந்து சீசன் முழுக்க ரிம்மரால் எதையும் தொட முடியாது. ஆறாவதில் லீஜியன் என்ற உயிரினம்தான் அவனுக்குக் கெட்டி ஒளி உடலைக் கொடுக்கிறது. அது கப்பலில் கிடைக்கும் பொருள் அல்ல. 2009இல் வரும் ஹாலோகிராம் தொடுகிறான், பிடிக்கிறான், அடி வாங்குகிறான். புதிதாக எழுப்பப்பட்டவனுக்கு அந்த உடல் எங்கிருந்து வந்தது? இதற்கும் ஏதாவது சொல்லலாம். ஆனால் சொல்லச் சொல்ல விளக்கத்துக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டே போகவேண்டியிருக்கிறது.

ஐந்தாவது விளக்கம்: ஏஸாகப் போன அதே பழைய ரிம்மர் திரும்பி வந்துவிட்டான். கெட்டி ஒளி உடல், முழு நினைவு, நெற்றியில் எழுத்து எல்லாம் தானாகப் பொருந்துகின்றன. எதிர்வாதம் இரண்டு. ஏஸாக வாழ்ந்தவன் ஏன் அதைப்பற்றி வாயே திறப்பதில்லை? அவன் திரும்பினால் அந்த அருமையான பிரிவு மதிப்பிழக்காதா?

முதல் எதிர்வாதத்தையே நான் ஆதாரமாக எடுத்துக்கொள்கிறேன். ரிம்மர் எப்படிப்பட்டவன்? ஒரு தேர்வு அறைக்குள் நடந்து போனதையே சாதனையாகச் சொல்லிக்கொள்பவன். ஏஸாக ஒரே ஒரு பூனைக்குட்டியை மரத்திலிருந்து இறக்கியிருந்தால்கூட வருஷக்கணக்கில் அதையே பேசிக் கொன்றிருப்பான். அவன் பேசவில்லை என்றால் பேசுவதற்கு எதுவும் இல்லை. போனான், முடியவில்லை, அந்தச் சட்டையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்துவிட்டான். கிரைட்டனும் பூனை வம்சத்துக் கேட்டும் அதைப்பற்றி அக்கறைப்படும் ஆட்கள் இல்லை. லிஸ்டர் கேட்கமாட்டான், ஏனென்றால் உன்னால் முடியும் என்று அனுப்பி வைத்தவன் அவன்தான். எதை வைத்தும் ரிம்மரை நக்கலடிக்கும் லிஸ்டர், இந்த ஒன்றை மட்டும் தொடாமல் இருக்கிறான். மறுபடி தேர்வுக்கு உட்காருவதும் இப்போது வேறுமாதிரி தெரிகிறது: மாவீரனாகத் தோற்றவன், பழைய சின்னக் கனவுக்கே திரும்புகிறான்.

பிரிவின் மதிப்பு குறைவது உண்மைதான், இதை மறைக்க விரும்பவில்லை. எண்ணிலடங்காத ரிம்மர்களால் முடிந்தது நம்முடையவனால் முடியவில்லை என்றால் அந்த வளையக் காட்சிக்கு ஒரு கசப்பு ஏறிவிடுகிறது. ஏழாவது சீசனை நெஞ்சோடு வைத்திருப்பவர்கள் நான்காவது விளக்கத்தோடு இருக்கட்டும், அது கௌரவமான தேர்வு. எனக்கு அந்தக் கசப்பு இந்தத் தொடருக்குப் பொருத்தமாகவே படுகிறது.

என் தேர்வைக் கடைசியாக முடிவு செய்தது 2020இல் வந்த 'தி பிராமிஸ்டு லேண்ட்'. அதில் மின்சாரம் குறைந்து ரிம்மர் மென்னொளி வடிவுக்கு இறங்கி, நிறமிழந்து கறுப்பு வெள்ளையாகிறான். நான் நிஜமே இல்லை, செத்தவனின் நகல்தானே என்று உடைந்து போகிறான். நிலவுக்குச் சொந்த ஒளி கிடையாது, ஆனாலும் நிலவொளி நிஜம்தான் என்கிற மாதிரி லிஸ்டர் அவனைத் தேற்றுகிறான். இதை யாருக்குச் சொல்கிறான் என்பது முக்கியம். நான்காவது விளக்கப்படி இவன் பழைய நினைவு ஊட்டப்பட்ட நகலின் நகல். அவர்களுக்குள் உள்ள உறவில் பாதி இவனுக்கு இரவல். ஐந்தாவதின்படி, 1988இல் படுக்கைக்குப் படுக்கை சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே ஆள். அந்தப் பேச்சுக்கு அந்த முப்பத்திரண்டு வருஷமும் வேண்டும்.

சரி, அப்படியானால் மரணத்தை உதைத்துவிட்டு ஓடிய உயிருள்ள ரிம்மர் என்ன ஆனான்? ஐந்தாவது விளக்கத்தில் இவனுக்கு இடமில்லை. ரசிகர்கள் இதற்கும் கதை கட்டுகிறார்கள்: அவன் செத்தான், அந்த நேரம் பார்த்துப் பழையவன் வந்து கப்பலைக் காப்பாற்றினான் என்று. எனக்கு அது வேண்டாம். மரணத்திடமிருந்து ஓடியவனை ஓடவிடுவதுதான் அந்தக் காட்சிக்குச் செய்யும் மரியாதை. லிஸ்டருக்கும் கொச்சான்ஸ்கிக்கும் கல்யாணம் ஆகி ஒரு ஹோட்டலில் தேனிலவில் இருப்பதாக இரண்டாவது சீசனில் எதிர்காலம் ஒன்றைக் காட்டினார்களே, அதுவும் இப்படியே திறந்து கிடக்கிறது. கிடக்கட்டும்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சில ரசிகர்கள் ஒரு குறுக்குவழி சொல்வதுண்டு. ஏழாவது சீசனில் ஏஸ் கிளம்பியதும் மிச்சத்தையும் எட்டாவதையும் விட்டுவிட்டு நேராக 2009க்குத் தாவினால், போனவன் வந்துவிட்டான், குழப்பமே இல்லை என்று. செய்யாதீர்கள். ரிம்மர் இல்லாமல் லிஸ்டர் தவிப்பதும், அதற்கு மருந்தாக ரிம்மரின் நாட்குறிப்பை வைத்துக் கிரைட்டன் ஒரு பொம்மைச் சவாரி கட்டி, அவனை மறுபடி வெறுக்க வைப்பதும் அதற்கு அடுத்த எபிசோடுகளில்தான் வருகின்றன. ஆறாவது சீசனில் காணாமல் போன கப்பல் எப்படிக் கிடைத்தது என்பதும் அங்கேதான் இருக்கிறது. எட்டாவது சீசன் மேடு பள்ளமானது, நடுவில் பொறுமை போகும். இருந்தாலும் கடைசி எபிசோடு வரை போய்விட்டு, அதன் பிறகு 'பேக் டு எர்த்'தைத் தொடங்குங்கள்.